கேப்டன் நீமோ ஒரு இந்திய இளவரசர்... ஜூல்ஸ் வெர்ன் அதை 5 வருஷம் மறைத்தது ஏன்? செஞ்சிக் கோட்டையை ஆண்ட வம்சத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போற ரோட்டில் பயணம் செய்தவர்களுக்கு செஞ்சியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாறைகளை அடுக்கி வைத்த மாதிரி மூன்று மலைகள், அவற்றைச் சுற்றி மதில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

சிவாஜி 1677-ல் பிடித்தது, 1698-ல் முகலாயர்கள் கைப்பற்றியது என்று இந்தக் கோட்டைக்குப் பெரிய வரலாறு உண்டு. ஆனால் ஊர்க்காரர்களிடம் கேட்டால் முதலில் வரும் பெயர் தேசிங்குராஜன். சில மாதங்கள் மட்டுமே ஆண்டு, வரி கேட்ட ஆற்காடு நவாப் சாதத்துல்லாகானுக்குப் பணிய மறுத்து, 1714-ல் போர்க்களத்தில் உயிரை விட்ட இளைஞர். அவருடைய உண்மையான பெயர் தேஜ் சிங். தமிழர் இல்லை. அவரும் அவருடைய அப்பா சொரூப் சிங்கும் புந்தேலா ராஜபுத்திரர்கள். இன்றைய உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேச எல்லையில் இருக்கும் புந்தேல்கண்ட் பகுதிதான் அவர்களுடைய பூர்வீகம்.

இந்தப் புந்தேல்கண்ட் என்ற பெயரை மனசில் வச்சுக்கோங்க.

உலகத்திலேயே மிகப் பிரபலமான கற்பனை நீர்மூழ்கிக் கப்பல் எது என்று கேட்டால் பலரும் 'நாட்டிலஸ்' என்பார்கள். அதைக் கட்டியவர் கேப்டன் நீமோ. உலகத்தை வெறுத்து, கடலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்ட மேதை. அந்த நீமோவும் புந்தேல்கண்ட் ராஜாவின் மகன்தான். தேசிங்கு நிஜம், நீமோ கற்பனை. செஞ்சி என்ற பெயர் அந்தக் கதையில் எங்கேயும் வராது. ஆனால் பணிய மறுத்த ஒரு புந்தேல்கண்ட் ராஜகுமாரன் என்ற விஷயம் செஞ்சிக்காரர்களுக்குப் புதுசு இல்லை.

நீமோவை உருவாக்கியவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன். அவர் ஏன் தன் நாயகனை இந்தியராக ஆக்கினார், முதலில் ஏன் அதைச் சொல்லவில்லை, பிறகு அந்த இந்தியரின் கோபத்தை ஆங்கிலத்தில் யார் அழித்தார்கள்? அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்ப்போம்.

யார் இந்த ஜூல்ஸ் வெர்ன்?

1828 பிப்ரவரி 8-ம் தேதி, பிரான்ஸின் நாந்த் நகரத்தில் பிறந்தவர். அது லுவார் ஆற்றங்கரைத் துறைமுகம். வீட்டுக்குப் பக்கத்திலேயே கப்பல்கள் வந்து போகும். அப்பா வக்கீல், மகனும் வக்கீலாகணும் என்று ஆசைப்பட்டார்.

வெர்னைப் பற்றி ஒரு கதை உண்டு. 11 வயதில் வீட்டுக்குத் தெரியாமல், இந்தியா பக்கம் போகும் கப்பலில் எடுபிடிப் பையனாக ஏறிவிட்டாராம். தான் விரும்பிய உறவுக்காரப் பெண்ணுக்குப் பவள மாலை வாங்கி வரணும் என்பது திட்டம். அப்பா அடுத்த துறைமுகத்திலேயே பிடித்து இறக்கிவிட்டாராம். பின்னால் குடும்பத்தில் ஒருவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வரும் கதை இது. ஆய்வாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. ஆனா ஒண்ணு மட்டும் நிஜம், வெர்ன் கடைசி வரை இந்தியாவுக்கு வரவே இல்லை.

பாரிஸில் சட்டம் படித்தார், தொழில் பார்க்கவில்லை. நாடகம் எழுதினார், பெரிசாக ஓடவில்லை. ஒரு நாடக அரங்கில் செயலாளராக இருந்தார். 1857-ல் ஒனோரின் என்ற, இரண்டு பெண் குழந்தைகளுடன் இருந்த விதவையைக் கல்யாணம் செய்துகொண்டார். குடும்பத்தை நடத்த பங்குச்சந்தையில் தரகு வேலை. காலையில் எழுந்து எழுதுவது, பிறகு பங்குச்சந்தைக்கு ஓடுவது. கிட்டத்தட்ட 35 வயது வரை இதுதான் அவர் வாழ்க்கை.

வாழ்க்கையை மாற்றிய பதிப்பாளர்

1863 ஜனவரியில் 'பலூனில் ஐந்து வாரங்கள்' நாவல் வெளிவந்தது. வெளியிட்டவர் பியர் ஜூல்ஸ் எட்ஸெல். அதன்பிறகு வெர்ன் பங்குச்சந்தை பக்கம் திரும்ப வேண்டிய அவசியம் வரவில்லை. வருஷத்துக்கு இத்தனை புத்தகம் என்று ஒப்பந்தம் போட்டு, மாதச் சம்பளம் மாதிரி எட்ஸெல் பணம் கொடுத்தார். வெர்ன் எழுதிய 50-க்கும் மேற்பட்ட நாவல்கள் இந்தப் பதிப்பகத்தில்தான் வந்தன.

எட்ஸெல் சாதாரண வியாபாரி இல்லை. குடியரசு ஆட்சிக்காகப் பேசியவர். 1851-ல் லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தபோது நாட்டை விட்டு வெளியேறி, பல வருஷம் பெல்ஜியத்தில் அகதியாக வாழ்ந்தவர். அப்படிப்பட்டவரே வெர்னின் எழுத்தில் நிறைய கை வைத்தார். இருபதாம் நூற்றாண்டு பாரிஸ் எப்படி இருக்கும் என்று வெர்ன் எழுதிய ஒரு நாவலைச் சோகமாக இருக்கு, யாரும் நம்ப மாட்டாங்க என்று திருப்பி அனுப்பினார். அது 1994-ல்தான் புத்தகமாக வந்தது.

நாட்டிலஸ் பிறந்த கதை

கடலுக்கு அடியில் நடக்கும் கதை எழுதலாமே என்று வெர்னுக்கு யோசனை சொன்னவர்களில் ஒருவர், அந்தக் கால பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட். ஆண் பெயரில் எழுதிய பெண் இவர்.

அப்போதே நீர்மூழ்கிகள் இருந்தன. அமெரிக்கரான ராபர்ட் ஃபுல்டன் 1800-ல் பிரான்ஸில் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டினார். உள்ளே இருப்பவர்கள் கையால் சுற்றினால்தான் அது நகரும். அதன் பெயரும் நாட்டிலஸ்தான், வெர்ன் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். 1863-ல் பிரெஞ்சுக் கடற்படை 'ப்ளாஞ்சர்' என்ற கப்பலை இறக்கியது. அழுத்தப்பட்ட காற்றில் இயங்கும், கொஞ்ச தூரம்தான் போகும். அதன் மாதிரி 1867 பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது.

வெர்ன் கற்பனை செய்த கப்பலோ 70 மீட்டர் நீளம். முழுக்க மின்சாரம். கடல் நீரிலிருந்து சோடியத்தைப் பிரித்து பேட்டரி. தொட்டிகளில் தண்ணீரை நிரப்பினால் மூழ்கும், வெளியேற்றினால் மேலே வரும். இன்றைய நீர்மூழ்கியும் மூழ்குவதும் எழுவதும் இதே முறையில்தான். உள்ளே 12,000 புத்தகங்கள் கொண்ட நூலகம், ஓவியங்கள், இசைக்கருவி. கணக்குகளைச் சரிபார்க்க அவருக்குத் தம்பி பால் இருந்தார். அவர் கடற்படையில் வேலை பார்த்தவர். நாவலின் ஒரு பகுதியை வெர்ன் எழுதியதே படகில்தான். மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கி, மாற்றிக் கட்டி, மகன் மிஷேல் பெயரை வைத்து அதில் சுற்றிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு தப்பான புரிதலைச் சொல்லிவிடணும். '20,000 லீக்' என்பது ஆழம் இல்லை. அவ்வளவு ஆழம் பூமியிலேயே கிடையாது. கடலுக்கு அடியில் போன தூரம் அது. கிட்டத்தட்ட 80,000 கிலோமீட்டர், அதாவது பூமியை இரண்டு தடவை சுற்றுகிற தூரம்.

சிறைக் கைதியா, விருந்தாளியா?

கதை இதுதான். கடலில் ஏதோ ராட்சத மிருகம் கப்பல்களை மோதுகிறது என்று தேடிப் போகிறது ஒரு அமெரிக்கப் போர்க்கப்பல். அதில் இருந்து கடலில் விழுகிறார்கள் பாரிஸ் அருங்காட்சியகப் பேராசிரியர் அரோனாக்ஸ், அவருடைய உதவியாளர் கோன்செய், திமிங்கல வேட்டைக்காரர் நெட் லேண்ட். காப்பாற்றியது அந்த 'மிருகமே'. நீமோ அவர்களிடம் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான். கப்பலுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஆனால் கரைக்குத் திரும்ப முடியாது. ரகசியம் வெளியே போயிடும்.

நெட் லேண்டுக்கு இது ஜெயில். முதல் நாளிலிருந்து தப்பிக்க வழி பார்க்கிறார். பேராசிரியரின் நிலைமை வேறு. வாழ்நாள் முழுக்கப் புத்தகத்தில் படித்த கடலை ஜன்னல் வழியா நேரில் பார்க்கிறார். போகவும் மனசில்லை, இருக்கவும் முடியவில்லை. ஓவியர் ரியூ இந்த அரோனாக்ஸுக்குப் படம் வரைந்தபோது வெர்னின் முகத்தையே வைத்து வரைந்தார். வருஷக் கணக்கில் ஒரே பதிப்பாளரோடு ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்த எழுத்தாளருக்குக் கைதியின் வேஷம் பொருத்தம்தானோ என்று நமக்குத் தோணுது.

நீமோ யார்? நடந்த கடிதச் சண்டை

'நீமோ' என்றால் லத்தீனில் யாருமில்லை என்று அர்த்தம். நாவலில் அவருக்கு நாடு கிடையாது, உண்மைப் பெயர் கிடையாது. கடைசியில் ஒரு போர்க்கப்பலை மோதி மூழ்கடிக்கிறார். அதில் எந்த நாட்டுக் கொடி என்று தெரியாது. பிறகு தன் அறைக்குப் போய், ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இருக்கும் படத்தின் முன் மண்டியிட்டு அழுகிறார். ஏன் என்று வெர்ன் சொல்லவில்லை.

வெர்ன் மனசில் பதில் இருந்தது. நீமோவை அவர் போலந்துக்காரராகத்தான் நினைத்திருந்தார். 1863-ல் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகப் போலந்து மக்கள் கிளர்ந்தார்கள், ரஷ்யா அதை இரக்கமில்லாமல் நசுக்கியது. குடும்பத்தை ரஷ்யர்கள் கொன்றதால் பழிவாங்கும் பிரபு, அதுதான் முதல் நீமோ.

எட்ஸெல் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது பிரான்ஸுக்கும் ரஷ்யாவுக்கும் உறவு நன்றாக இருந்தது. ரஷ்யாவில் வெர்ன் புத்தகங்கள் நன்றாக விற்றன. அந்தச் சந்தை போய்விடும். அடிமை வியாபாரிகளை எதிர்ப்பவராக நீமோவை மாற்றலாமே என்று மாற்று யோசனை சொன்னார். வெர்ன் மறுத்தார். அடிமை வியாபாரமே பெரும்பாலும் முடிந்துபோன காலத்தில் அந்தக் கோபம் எடுபடாது என்பது அவர் வாதம். இருவருக்கும் இடையில் கடிதங்கள் போய் வந்தன. கடைசியில் எதையும் சொல்லாமல் விடுவது என்று முடிவானது. நாயகனின் மர்மம் என்று வாசகர்கள் ரசித்தது, இந்தச் சமரசத்தில் பிறந்த மர்மம். 1869 மார்ச்சில் தொடராக ஆரம்பித்து 1870 ஜூனில் முடிந்தது கதை.

மன்னார் கடலில் கிடைத்த ஒரே துப்பு

ஆனாலும் வெர்ன் ஒரு இடத்தில் லேசாகக் கதவைத் திறந்து வைத்தார். அது நம்ம கடல்.

நாட்டிலஸ் இலங்கையைத் தாண்டி மன்னார் முத்துக்குளிக்கும் பகுதிக்கு வருகிறது. முத்துக்குளிக்கும் பருவம் மார்ச்சில்தான், கதையிலோ அது ஜனவரி. நீமோவும் மற்றவர்களும் நீர்மூழ்கி உடையில் கடல் தரையில் நடக்கிறார்கள். மேலே ஒரு சின்னப் படகு. பருவத்துக்கு முன்னாலேயே, வயிற்றுப்பாட்டுக்காகத் தனியாக வந்த ஒரு ஏழை இந்தியர். காலிடுக்கில் கல்லைப் பிடித்து மூழ்கி, சில சிப்பிகளைப் பிடுங்கிக்கொண்டு மூச்சு முட்ட மேலே போகிறார், மறுபடியும் இறங்குகிறார். அப்போது சுறா வருகிறது. நீமோ கையில் ஒரு குத்துவாளோடு அதன் மேல் பாய்கிறார். அவரே சாகப் போகும் நேரத்தில் நெட் லேண்ட் ஈட்டியை எறிந்து சுறாவைக் கொல்கிறார். மயங்கிய மனிதரைத் தெளியவைத்து, அவர் கையில் ஒரு பை நிறைய முத்துகளைத் திணித்துவிட்டுப் போகிறார் நீமோ.

மனிதர்களையே வெறுப்பதாகச் சொல்லும் நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்கிறார் பேராசிரியர். அந்த மனிதர் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவர், கடைசி மூச்சு வரை தானும் அந்த நாட்டுக்காரன்தான் என்கிற மாதிரி பதில் வருகிறது. முதல் நாவலில் நீமோ தன்னைப் பற்றிச் சொல்வது கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

அந்த மீனவருக்கு வெர்ன் பெயர் வைக்கவில்லை, மொழி சொல்லவில்லை. ஆனால் தூத்துக்குடி, கீழக்கரை, மன்னார் பக்கம் தலைமுறை தலைமுறையாக முத்துக்குளித்தது யார் என்று நமக்குத் தெரியும். பரதவர்களும் தமிழ் முஸ்லிம்களும்தான். உலகப் புகழ்பெற்ற அந்தக் காட்சியில் நீமோ முத்துப் பையைக் கொடுத்த ஆள் அநேகமாக ஒரு தமிழராகத்தான் இருந்திருக்கணும்.

1875: இளவரசர் டக்கார்

1874, 1875-ல் தொடராக வந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் வெர்ன் முடிச்சை அவிழ்த்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரிலிருந்து பலூனில் தப்பிய ஐந்து பேர் ஒரு தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். யாரோ அவர்களுக்கு மறைந்திருந்து உதவுகிறார்கள். கடைசியில் அது சாகக் கிடக்கும் நீமோ என்று தெரிகிறது.

அவர் சொல்லும் வரலாறு இது. பெயர் டக்கார். புந்தேல்கண்ட் ராஜாவின் மகன். 10 வயதில் ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்பப்பட்டவர். 30 வயது வரை அறிவியல், கலை எல்லாம் கற்றார். 1849-ல் ஊருக்குத் திரும்பி, கல்யாணம், இரண்டு குழந்தைகள். 1857-ல் பிரிட்டிஷாருக்கு எதிரான பெரும் புரட்சியில் முன்னணியில் நின்றார். புரட்சி தோற்றது. மனைவி, குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். மிஞ்சிய விசுவாசிகளோடு காணாமல் போய், ஆள் இல்லாத தீவில் நாட்டிலஸைக் கட்டினார். படத்தின் முன் அவர் அழுத காரணம் வாசகருக்கு அப்போதுதான் புரிந்தது. மூழ்கிய கப்பலும் ஆங்கிலேயருடையது என்று தெரிந்தது.

ரஷ்யாவைத் திட்டினால் வியாபாரம் போகும், பிரிட்டனைத் திட்டினால் பிரான்ஸில் யாருக்கும் வலிக்காது. போலந்துக்காரர் இந்தியரான கதைக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்திருக்கும். அதற்காக வெர்னின் அக்கறை பொய் என்று ஆகாது. பின்னால் 1880-ல் வந்த 'நீராவி வீடு' நாவலில் மறுபடியும் 1857-க்கே போனார், அதில் நானா சாகிப் வருகிறார். 80 நாள் உலகப் பயணத்திலும் பம்பாய் முதல் கல்கத்தா வரை ஒரு சுற்று உண்டு.

பிழைகளும் இருக்கு. டக்காரை திப்பு சுல்தானின் உறவுப்பிள்ளை என்று எழுதியிருக்கிறார். புந்தேல்கண்ட் ராஜ குடும்பத்துக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் எப்படி உறவு வந்தது என்று கேட்கக் கூடாது. இரண்டு நாவல்களின் வருஷக் கணக்கும் ஒத்துப்போகாது. இங்கிலீஷ்காரனை எதிர்த்த இந்தியப் பெயர்களில் ஐரோப்பாவுக்குத் தெரிந்தது திப்பு, அதனால் சேர்த்துவிட்டார் போல.

நீமோ சாகும்போது சொல்லும் கடைசி வார்த்தையிலும் எட்ஸெல் விடவில்லை. வெர்னின் கையெழுத்துப் பிரதியில் அது சுதந்திரம் என்ற ஒற்றைச் சொல். அச்சில் வந்தபோது கடவுளும் தாய்நாடும் என்று மாறியிருந்தது.

ஆங்கிலத்தில் நடந்த பெரிய திருத்தம்

பிரெஞ்சுக்காரர் மாற்றியது ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் போனது அதைவிட அதிகம். 1872-ல் மெர்சியர் என்ற பாதிரியார் செய்த முதல் நாவலின் மொழிபெயர்ப்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. அறிவியல் விவரங்களோடு அரசியலும் போனது.

'மர்மத் தீவு' 1875-ல் கிங்ஸ்டன் பெயரில் ஆங்கிலத்தில் வந்தது. அதில் டக்காரின் வரலாறே திருப்பி எழுதப்பட்டது. குழப்பத்திலும் போரிலும் கிடந்த இந்தியாவுக்கு அமைதியும் வளமும் கொடுத்தது ஆங்கிலேயர்கள், பேராசை பிடித்த சில ராஜாக்கள் மக்களைத் தூண்டிவிட்டார்கள் என்று அர்த்தம் வருகிற வரிகள் அங்கே முளைத்தன. பிரிட்டனை எதிர்த்ததற்காக எல்லாவற்றையும் இழந்த ஒருவரின் கதைக்குள்ளேயே பிரிட்டனுக்குப் பாராட்டு!

ஆங்கிலம் வழியாக வெர்னைப் படித்த உலகம், இந்தியாவும் சேர்த்து, நீண்ட காலம் படித்தது இந்தப் பதிப்புகளைத்தான். 'மர்மத் தீவு' வெட்டுகள் இல்லாமல் ஆங்கிலத்தில் வர 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீமோ ஒரு இந்தியர் என்பது நம்மில் பலருக்கு இன்னும் ஆச்சரியமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெர்னின் கடைசி வருஷங்கள்

1871-ல் மனைவியின் ஊரான அமியென்ஸில் குடியேறினார். பணமும் புகழும் வந்தன, வீட்டில் நிம்மதி வரவில்லை. மகன் மிஷேல் கட்டுக்கு அடங்காத பையன். முதலில் சீர்திருத்தப் பள்ளியில் போட்டுப் பார்த்தார். திருந்தாததால் 1878-ல் கப்பலில் ஏற்றி அனுப்பினார். எங்கே தெரியுமா? இந்தியாவுக்கு. அப்பா கற்பனையில் மட்டுமே பார்த்த தேசத்தை, மகன் தண்டனையாகப் பார்த்தார்.

1886 மார்ச் 9 அன்று, மனநிலை பாதிக்கப்பட்டிருந்த அண்ணன் தம்பி உறவு வழிப் பையன், பாலின் மகன் காஸ்டோன், வெர்னைத் துப்பாக்கியால் சுட்டார். குண்டு காலில் பாய்ந்தது. கடைசி வரை நொண்டித்தான் நடந்தார். ஒரு வாரத்தில் எட்ஸெல் இறந்த செய்தி வந்தது. படகும் அந்த வருஷமே கைமாறியது. 1888-ல் அமியென்ஸ் நகர்மன்ற உறுப்பினரானார். பிறகு பெரும்பாலும் ஊரைவிட்டு வெளியே போகாமல், மாடியறையில் எழுதிக்கொண்டே இருந்தார். சர்க்கரை நோய் முற்றி 1905 மார்ச் 24 அன்று இறந்தார். மிச்சமிருந்த கையெழுத்துப் பிரதிகளை வெளியிட்டது அதே மகன் மிஷேல். அவரும் அப்பாவின் எழுத்தில் நிறைய கை வைத்தார் என்பது தனிக் கதை.

வெர்ன் இறந்து 38 வருஷம் கழித்து, பிரிட்டனை எதிர்த்த ஒரு இந்தியர் நிஜமாகவே நீர்மூழ்கியில் பயணம் செய்தார். 1943 பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து கிளம்பிய நேதாஜி, மடகாஸ்கர் அருகே நடுக்கடலில் ஜப்பான் நீர்மூழ்கிக்கு மாறி ஆசியா வந்து சேர்ந்தார். அமெரிக்கா 1954-ல் கடலில் இறக்கிய உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியின் பெயர் நாட்டிலஸ்.

உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

பழைய ஆங்கிலப் பதிப்புகள் காப்புரிமை முடிந்தவை என்பதால் மலிவு விலைப் புத்தகங்களிலும் இணையத்திலும் இன்றும் அவைதான் அதிகம் கிடைக்கின்றன. 'மர்மத் தீவு' ஆங்கிலப் பிரதி வைத்திருப்பவர்கள், கடைசிப் பகுதியில் நீமோ தன் வாழ்க்கையைச் சொல்லும் அத்தியாயத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஆங்கிலேய ஆட்சியைப் புகழ்ந்து வரிகள் இருந்தால், அது வெர்ன் எழுதியது இல்லை.